கௌகோவின் மயில்நீல உடுப்பு

முதலில் சிரித்தது அர்மாஸ்தான். கடைசிவரைக்கும் சிரித்ததும் அவர் ஒருத்தர்தான். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

மே மாதம், சனிக்கிழமை காலை. பனியெல்லாம் உருகி முடிந்ததும் லாத்தி நகரத்தில் ஒவ்வொரு கட்டிடத்திலும் குடியிருப்பவர்கள் எல்லாரும் முற்றத்தில் இறங்குவார்கள். போன வருஷத்துச் சருகை வாரி, மணலைக் கூட்டி, பெஞ்சுக்குப் பெயின்ட் அடித்து, கடைசியில் ஆளுக்கொரு சாசேஜ் சுட்டுத் தின்றுவிட்டுக் கலைவார்கள். அர்மாஸ் ரன்தமோ அதில் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. அன்றைக்கும் சாம்பல் நிறச் சட்டையும் சாம்பல் நிறப் பேன்ட்டுமாக வாருகோலை ஊன்றிக்கொண்டு நின்றார். அப்போதுதான் கட்டிடத்தின் பி படிக்கட்டு வாசலிலிருந்து சரக், சரக் என்று ஒரு சத்தம் வந்தது.

சத்தத்துக்குப் பின்னால் கௌகோ வந்தார். மூன்றாம் மாடிக்காரர், கட்டிடச் சங்கத் தலைவர், மனைவி போய் ஆறு வருஷமாகிறது. அவர் மேலே ஒரு நைலான் டிராக்சூட். உடம்பு மயில்நீலம், கை கத்தரிப்பூ நிறம், நெஞ்சுக்குக் குறுக்கே மஞ்சளில் ஒரு மின்னல். இடுப்பில் ஒரு குட்டிப் பை. வெள்ளை சாக்ஸை வேறு பேன்ட்டுக்கு மேலே இழுத்து விட்டிருந்தார்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஊரில் பாதிப் பேர் இதே உடுப்பில்தான் திரிந்தார்கள். கடைக்கும் இதுதான், கல்யாணப் பேச்சுக்கும் இதுதான். அர்மாஸிடமும் ஒன்று இருந்தது. பிறகு எந்த மகராசன் ஆரம்பித்து வைத்தானோ, ஊரே அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தது. அர்மாஸும் ராத்திரியோடு ராத்திரியாக மானஸ்தராகிவிட்டார். 'இது இனிமேல் என் கண்ணில் படக்கூடாது' என்று மனைவி சிர்க்காவிடம் தூக்கிக் கொடுத்தார். அன்றையிலிருந்து அவருக்குச் சாம்பல் நிறம்தான். விசேஷ நாளென்றால் கறுப்பு.

அதனால்தான் கௌகோவைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். கூடச் சிரிப்பதற்கு ஆள் வேண்டுமே என்று திரும்பிப் பார்த்தார். ஒருத்தரும் இல்லை. சி படிக்கட்டில் குடியிருக்கும் இரண்டு கல்லூரிப் பெண்கள் வாருகோலைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

"அய்யோ கௌகோ! இது ஒரிஜினலா?"

"எல்லாமே ஒரிஜினல்தாம்மா. உள்ள இருக்கற ஆளும்தான்."

"இதுக்காக நாங்க எத்தனை பழைய துணிக்கடை ஏறி இறங்கறோம் தெரியுமா? ஒரு போட்டோ எடுத்துக்கறோம், ப்ளீஸ்!"

போகட்டும், சின்னப் பெண்கள், விவரம் போதாது என்று அர்மாஸ் மனசைத் தேற்றிக்கொண்டார். ஆனால் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்த சிர்க்காவுக்கு ஐம்பத்தைந்து வயது. அவளுக்குமா விவரம் போதாது?

"கௌகோ, எங்க, ஒரு சுத்து சுத்துங்க பாப்போம்" என்றாள் சிர்க்கா.

கௌகோ சுற்றினார். சரசரவென்று சத்தம் கேட்டது.

"அடேங்கப்பா! தோள் என்ன எடுப்பா இருக்கு!" என்று சொல்லி, நன்றாக வெந்து பொன்னிறமாக இருந்த சாசேஜில் கடுகு விழுதைத் தாராளமாகப் பிதுக்கி அவர் கையில் கொடுத்தாள். அர்மாஸுக்குக் கிடைத்தது ஒரு பக்கம் கருகி மறுபக்கம் வேகாதது. கடுகு விழுது தீர்ந்துவிட்டதாம்.

வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அர்மாஸ் ஆரம்பித்துவிட்டார்.

"எனக்கு மட்டும் ஏன் கருகினது?"

"நீங்கதான் சிரிச்சுக்கிட்டே இருந்தீங்களே. பசியில்லையாக்கும்னு நினைச்சேன்."

"அது தோள் எடுப்பு இல்ல சிர்க்கா. உள்ள பஞ்சு வச்சுத் தைச்சிருக்கான்."

"பஞ்சோ கிஞ்சோ, எடுப்பாத்தானே இருந்துச்சு. உங்க சட்டையில பஞ்சும் இல்ல, தோளும் இல்ல."

"எங்கிட்டயும் அச்சு அசலா அதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு. ஞாபகம் இருக்குல்ல?"

"மறக்குமா? அதைப் போட்டுக்கிட்டுத்தானே என் காலை மிதிச்சீங்க!"

அது பழைய வழக்கு. தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஏரிக்கரை டான்ஸ் மண்டபம். அங்கே ஒரு மணி நேரம் ஆண்கள் போய்ப் பெண்களை ஆடக் கூப்பிடுவார்கள், அடுத்த ஒரு மணி நேரம் பெண்கள் வந்து ஆண்களைக் கூப்பிடுவார்கள். பெண்கள் நேரத்தில் சிர்க்கா மண்டபத்தைக் குறுக்கே கடந்து, தூணில் சாய்ந்திருந்த மயில்நீல டிராக்சூட் பையனிடம் கையை நீட்டினாள். கூப்பிட்டால் இரண்டு பாட்டு ஆடியே ஆகவேண்டும், அது மண்டபத்துச் சட்டம். அந்த இரண்டு பாட்டில் பையன் அவள் காலைப் பதினொரு தடவை மிதித்தான். அப்படியும் அவனைத்தான் கட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் அர்மாஸ் அந்த மண்டபத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ஒவ்வொரு கோடையிலும் சிர்க்கா "போலாமா?" என்பாள். இவருக்கு முதலில் முழங்கால் வலித்தது, பிறகு முதுகு வலித்தது, அப்புறம் வலிக்க இடமில்லாமல் "எனக்கு அதெல்லாம் வராது" என்று சொல்லிவிட்டார். ரேடியோவில் அக்கார்டியன் வாசித்தால் சிர்க்கா தனியாகப் பாத்திரம் கழுவிக்கொண்டே ஒரு காலால் தாளம் போடுவாள். அவ்வளவுதான் அவள் ஆடிய டான்ஸ்.

"அந்த டிராக்சூட் இப்ப எங்க?" என்று கேட்டார் அர்மாஸ்.

"கண்ணுல படக்கூடாதுன்னு சொன்னீங்க. இன்னைக்கு வரைக்கும் உங்க கண்ணுல பட்டிருக்கா?"

"இல்ல."

"அப்ப சொன்னதைச் செஞ்சுட்டேன்ல? அப்புறம் என்ன?" என்று தட்டைத் துடைத்தாள். "ஆங், சொல்ல மறந்துட்டேன். ஜூன் முதல் சனிக்கிழமை மண்டபம் திறக்கறாங்க. கௌகோ போறாராம். இதே உடுப்புலதானாம். நானும் போலாம்னு இருக்கேன்."

"அவன் போறது உனக்கு எப்படித் தெரியும்?"

"சொன்னார்."

"எப்ப சொன்னான்?"

"அவர் சொல்லும்போதுதான்."

அன்றைக்குப் பற்றிய நெருப்பு மூன்று வாரமும் அணையவில்லை. அர்மாஸ் ஒரு வேலையும் ஓடாமல் ஜன்னலருகே நின்றார். சரக் சரக் சத்தம் கேட்டால் காது தானாகத் திரும்பியது. ஒரு நாள் சிர்க்கா பன்னிரண்டு ஏலக்காய் பன் சுட்டாள். சாயங்காலம் டப்பாவைத் திறந்தால் நாலுதான் இருக்கிறது.

"மீதி எட்டு எங்க?"

"கௌகோ மாடிப்படி பல்ப் மாத்திக் குடுத்தார்."

"ஒரு பல்புக்கு எட்டு பன்னா?"

"ரெண்டு பல்ப்."

சும்மா விடுவாரா? எடுத்தார் ஒரு சபதம். பழைய பொருள் விற்கும் கூடத்துக்குப் போய், கௌகோவினுடையதைத் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒரு டிராக்சூட் வாங்கிவிடுவது என்று. போய்ப் பார்த்தால் பொடிசுகள் ஏற்கனவே வழித்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ரோஜா நிறத்தில் ஒன்று மிச்சமிருந்தது, அதில் அர்மாஸின் ஒரு கை நுழைந்தது, தலை நுழையவில்லை. வெறுங்கையோடு திரும்ப மனசில்லாமல் ஒரு இடுப்புப் பையை மட்டும் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார்.

சிர்க்கா தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "அதுல என்ன வச்சிருக்கீங்க?"

"சாவி."

"அதுசரி. அதோட பேரு இடுப்புப் பை. நீங்க அதை வயித்துல பூட்டியிருக்கீங்க."

டான்ஸுக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. ஏ படிக்கட்டின் அடித்தளத்தில்தான் கட்டிடத்துக்குப் பொதுவான சவுனா என்கிற நீராவிக் குளியலறை. வெள்ளிக்கிழமை ஆறிலிருந்து ஏழு அர்மாஸ் தம்பதிக்கு, ஏழிலிருந்து எட்டு கௌகோவுக்கு. பல வருஷமாக அதே முறைதான். அன்றைக்கு இவர்கள் வியர்த்துக் குளித்து வெளியே வரும்போது கௌகோ வாளியும் துண்டுமாக எதிரே வந்தார். மேலே அதே மயில்நீலம்.

"இருங்க கௌகோ, காலர் மடிஞ்சிருக்கு" என்று சிர்க்கா கையை நீட்டிச் சரிசெய்து விட்டாள்.

காலர்! முப்பது வருஷத்தில் தன் காலரை அவள் எப்போதாவது தொட்டிருக்கிறாளா என்று அர்மாஸ் யோசித்துப் பார்த்தார். தொட்டிருக்கிறாள், ஆனால் துவைப்பதற்குக் கழற்ற. நாளைக்கு டான்ஸ். அந்த உடுப்பு இருந்தால்தானே கௌகோ பெரிய மன்மதன்? அது இல்லாவிட்டால் ஒரு சாதாரண வழுக்கைத் தலைதானே?

"சோப்பு டப்பாவைக் கீழயே விட்டுட்டேன்" என்று ஏழு இருபதுக்கு மறுபடியும் கீழே இறங்கினார்.

உடை மாற்றும் அறையில் யாருமில்லை. உள்ளே சூடான கல்லில் தண்ணீர் ஊற்றும் சத்தமும் கௌகோ முனகிப் பாடும் சத்தமும் கேட்டன. கொக்கியில் மயில்நீலம் தொங்கியது. மனசாட்சி கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. எட்டு பன் ஞாபகம் வந்ததும் உறுத்தல் நின்றது. சட்டை, பேன்ட், குட்டிப் பை எல்லாவற்றையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அடித்தளத்திலேயே இருந்த தன் வீட்டுச் சாமான் போட்டுவைக்கும் கம்பிக் கூண்டில், பனிச்சறுக்குப் பலகைகளுக்குப் பின்னால் திணித்துவிட்டு மேலே ஓடினார். சோப்பு டப்பாவை எடுத்துவர மறந்துபோனார்.

பால்கனியில் காபியோடு உட்கார்ந்துகொண்டார். ஏ படிக்கட்டிலிருந்து பி படிக்கட்டுக்குப் போக முற்றத்தைக் கடந்துதான் ஆகவேண்டும். கௌகோ கூனிக்குறுகி ஓடுவான், சிர்க்கா பார்ப்பாள், கதை முடிந்தது. இதுதான் அர்மாஸின் கணக்கு.

ஜூன் மாதம், எட்டு மணிக்கும் வெயில் பளீரென்று அடித்தது. எல்லா பால்கனியிலும் ஆட்கள். கதவு திறந்தது. கௌகோ வந்தார். இடுப்பில் ஒரு வெள்ளைத் துண்டு, கையில் வாளி. அவ்வளவுதான். மனுஷன் தினம் ஏரியில் நீந்துகிறவர் என்பது அதுவரைக்கும் அர்மாஸுக்குத் தெரியாது. குனியவுமில்லை, ஓடவுமில்லை. சாவகாசமாக நடந்து, ஒவ்வொரு பால்கனிக்கும் தலையை ஆட்டி வணக்கம் சொன்னார். சி படிக்கட்டில் விசில் பறந்தது.

சிர்க்கா ஈரத் தலையோடு பால்கனிக்கு வந்தாள். "அடடா" என்றாள்.

"உள்ள வா சிர்க்கா, குளிருது."

"இருபத்தி ரெண்டு டிகிரி."

"கொசு கடிக்கும்!"

"ஒண்ணையும் காணோமே. நகருங்க, உங்க தலை மறைக்குது."

டிராக்சூட்டாவது கழுத்துவரைக்கும் மூடியிருந்ததே என்று அர்மாஸ் நொந்துபோனார். திருடியும் பிரயோஜனமில்லை.

மறுநாள் காலை, தடயத்தை அழிக்கலாம் என்று கூண்டுக்குப் போனார். உடுப்பை உதறியபோது காலரின் உள்பக்கம் கறுப்பு மையில் ஏதோ எழுதியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். 'அ. ரன்தமோ.' சிர்க்காவின் கையெழுத்து. கல்யாணமான புதிதில் இந்தக் கட்டிடத்தில் பதினாறு பேருக்கு இதே டிராக்சூட். துணி உலர்த்தும் பொது அறையில் எது யாருடையது என்று தினமும் சண்டை வந்ததால் அவள்தான் பேர் எழுதி வைத்தாள்.

அர்மாஸ் அங்கேயே பனிச்சறுக்குப் பலகை மேல் உட்கார்ந்துவிட்டார். 'என் பெண்டாட்டி, என் உடுப்பை எடுத்து, அந்தக் கௌகோவுக்குக் கொடுத்திருக்கிறாள்!' கோபத்தைவிட அழுகைதான் முதலில் வந்தது. நேரே மாடிக்குப் போய் 'இது என்ன நியாயம்?' என்று கேட்க எழுந்தார். இரண்டு படி ஏறியதும் நின்றார். 'இது உங்க கைக்கு எப்படி வந்துச்சு?' என்று அவள் கேட்டால்?

ஐந்து நிமிஷம் படியிலேயே நின்று யோசித்தார். கேட்கவும் முடியாது, விடவும் முடியாது. அப்படியானால் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். நாலு பேர் பார்க்க அந்த மண்டபத்திலேயே போட்டுக்கொண்டு போய் நின்றால், வாயைத் திறக்க வேண்டியது அவள்தானே?

சாயங்காலம் ஆறு மணிக்கு சிர்க்கா பூப்போட்ட பாவாடையில் தயாராகிக் கூடத்துக்கு வந்தாள். எதிரே மயில்நீலம் நின்றது.

"அட! எங்க கிடைச்சுது?"

"கீழ... நம்ம கூண்டுல."

"நல்லாத்தான் தேடியிருக்கீங்க. ஜிப் ஏன் பாதியில நிக்குது?"

"இந்தக் காலத்து ஜிப்பெல்லாம் சரியில்ல."

"அது அந்தக் காலத்து ஜிப். மூச்சை இழுங்க. இன்னும்! ஆங்." ஜிப் ஏறியது. "எங்க கிளம்பிட்டீங்க?"

"டான்ஸுக்கு."

"நீங்களா! முழங்கால்?"

"நல்லாயிடுச்சு."

"முதுகு?"

"அதுவும்தான். ஏன், நான் வரக்கூடாதா?"

"சும்மா கேட்டேன்" என்று சொல்லி அவர் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

மண்டபத்தில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். முதல் ஒரு மணி நேரம் ஆண்கள் அழைப்பு. அர்மாஸ் எழுந்து, உட்கார்ந்து, எழுந்து, தைரியத்தைத் திரட்டுவதற்குள் யாராவது ஒருத்தர் சிர்க்காவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் எவ்வளவு அழகாக ஆடுகிறாள் என்று பார்த்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷம் இதைப் பார்க்காமல் விட்டோமே என்று மனசு நிஜமாகவே வலித்தது.

கௌகோவும் வந்திருந்தார், சாதாரண பழுப்புக் கோட்டில். இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு பாட்டு முடிந்தது. சிர்க்கா தன் இடத்திலிருந்து எழுந்தாள். நேராக இந்தப் பக்கம் நடந்து வந்தாள். அவள் கண் கௌகோ மேல் இருந்தது.

அர்மாஸுக்கு ரத்தம் தலைக்கேறியது. குதித்து எழுந்து, மண்டபத்தின் நடுவிலேயே அவளை மறித்தார். "வா சிர்க்கா, நாம ஆடலாம்!"

மண்டபத்தில் எல்லாத் தலையும் திரும்பியது. அக்கார்டியன்காரர்கூடக் காற்றைப் பிடித்து நிறுத்தினார்.

"அர்மாஸ்," என்றாள் சிர்க்கா மெதுவாக, "பலகையைப் பாருங்க."

மேடைக்கு மேலே விளக்குப் பலகை மாறியிருந்தது. பெண்கள் அழைப்பு.

"இது எங்க நேரம். போய் உக்காருங்க."

திரும்பிப் போகும் வழியெல்லாம் டிராக்சூட் சரக், சரக் என்று சத்தம் போட்டது. அந்தப் பன்னிரண்டு அடி தூரத்தை அவர் சாகும்வரை மறக்கமாட்டார். உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். சிர்க்காவின் செருப்பு கௌகோ முன்னால் போய் நின்றது தெரிந்தது.

"கௌகோ, நேத்து சளி ஒண்ணும் பிடிச்சுடலியே?"

"அதெல்லாம் இல்லம்மா."

செருப்பு நகர்ந்து இந்தப் பக்கம் வந்தது. ஒரு கை நீண்டது. "வாங்க" என்றாள் சிர்க்கா.

இரண்டு பாட்டு ஆடினார்கள். நாலு தடவைதான் மிதித்தார். "பதினொண்ணு நாலாயிடுச்சு, பரவாயில்லையே" என்று அவள் காதருகே சொன்னபோது அர்மாஸுக்கு இருபத்துமூன்று வயதுதான். ஆடி முடித்ததும் முறைப்படி அவளை அவள் இடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தார். அப்போது கௌகோ ஒரு பெண்மணியோடு வந்தார். "இவ மைலா. ஆகஸ்ட்ல எங்களுக்குக் கல்யாணம். அர்மாஸ், உனக்கு ரொம்ப நன்றிப்பா."

"எனக்கு எதுக்கு?"

"எடுத்துட்டுப் போனதுக்குத்தான். ஏழேகாலுக்கெல்லாம் நீ வந்து எடுத்துடுவே, அதுவரைக்கும் வெளிய வராதீங்கன்னு சிர்க்கா சொல்லியிருந்தா. நீ பாட்டுக்கு ஏழு இருபதுக்கு வந்தே. நான் உள்ளேயே வெந்துட்டேன். சத்தமும் தாங்கலப்பா, மூணு வாரமா எனக்குத் தூக்கத்துலகூட சரசரன்னே கேக்குது." போகப்போனவர் திரும்பினார். "துண்டு மட்டும் என் சொந்த யோசனை."

அர்மாஸ் சிர்க்காவைப் பார்த்தார். சிர்க்கா பாவாடை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"அந்த எட்டு பன்?"

"கூலி. சும்மாவா போட்டுக்குவார்?" என்றாள். "உங்க பழைய பெயின்ட் அடிக்கற ஓவரால்கூடப் பத்திரமாத்தான் வச்சிருக்கேன். இப்ப எல்லாரும் ஓவரால்தான் போடறாங்களாமே. கௌகோவுக்கு எடுப்பா இருக்கும்னு தோணுது. நம்ம சமையலறைச் சுவரைத்தான் பாத்தீங்கல்ல, நாலு வருஷமா அழுது வடியுது."

ஒரு தடவை ஏமாறலாம். இரண்டாவது தடவையும் ஏமாற அர்மாஸ் என்ன சின்னக் குழந்தையா? சூழ்ச்சி இப்போது பட்டவர்த்தனமாகத் தெரிந்துவிட்டது. கௌகோவுக்கு வேறு கல்யாணமே நிச்சயமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் அசையவே இல்லை. ஓவராலில் கௌகோவின் தோள் எப்படியிருக்கும் என்று மட்டும் இரண்டு மூன்று தடவை நினைத்துப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை பெயின்ட் கடை திறந்தபோது வாசலில் முதல் ஆளாக நின்றிருந்தார்.

"ரன்தமோதானே? வாங்க, வாங்க" என்றார் கடைக்காரர். "உங்க வீட்டம்மா வியாழக்கிழமையே போன்ல சொல்லிட்டாங்க. மயில்நீலம், ஒன்பது லிட்டர். கலந்து ரெடியா இருக்கு."